பொது வைத்தியமும் சான்றுவழிப் பராமரிப்பும்: வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் பெருநகரங்களின் ஆய்வுகூடங்களும் போதனா வைத்தியசாலைகளுமே நமது மனக்கண்முன் தோன்றுகின்றன. அறிவு அங்கே பிறக்கின்றது. கிராமத்து வைத்தியரும் தெருவோரத்துக் குடும்ப வைத்தியரும் அவ்வறிவைப் பெற்று நோயாளர்க்கு விநியோகிப்போர் மட்டுமே என்பது பலர் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட ஒரு கருத்தாகும். மருத்துவக் கல்வியின் அமைப்பும் இக்கருத்தையே வலியுறுத்தி வந்துள்ளது. ஆயின், மனிதர் தமது நோய்களுள் மிகப் பெரும்பாலானவற்றை முதலில் கொண்டு செல்வது பொது வைத்தியரிடமே. வைத்தியசாலைப் படுக்கையை அடைவோர் அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே. அச்சிறு பகுதியினரை ஆராய்ந்து பெற்ற முடிபுகளை எஞ்சிய அனைவர்க்கும் அப்படியே பொருத்துதல் எவ்வளவு தூரம் அறிவியலாகும்? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கமாகும்.

சான்றுவழி மருத்துவம் என்னும் தொடர் 1990களின் தொடக்கத்திற் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினரால் பரவலாக்கப்பட்டது. எனினும் அதன் உள்ளடக்கம் அதனினும் மூத்தது. அவ்வுள்ளடக்கம் பொது வைத்தியத் துறையில் எவ்வாறு உருப்பெற்றது, அதன் வலிமை யாது, அதன் எல்லைகள் யாவை என்பனவற்றை உயர் குருதி அமுக்கம் என்னும் ஒரு நோய்நிலையை முதன்மை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

1. கிராமத்து வைத்தியரின் குறிப்பேடு

பொது வைத்தியர் ஆராய்ச்சியாளராக விளங்கிய வரலாறு நீண்டது. இங்கிலாந்தின் நெசவாலை நகராகிய பேர்ன்லியில் 1879 முதல் 1907 வரை தொழில்புரிந்த ஜேம்ஸ் மக்கென்சி இதற்கு முன்னோடியாவார். நாடித்துடிப்பிற் சிறு பிறழ்வு காணப்பட்டதும் நோயாளியைப் படுக்கையிற் கிடத்தித் தொழிலை விட்டு நிறுத்துவது அக்கால வழக்கம். மக்கென்சி இதனை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. தாம் அமைத்த கருவியால் நாடியையும் கழுத்து நாளத்தின் துடிப்பையும் ஒருங்கே பதிவுசெய்து, அதே நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். சில பிறழ்வுகள் எத்தீங்கும் விளைவிப்பதில்லை என்பதும், வேறு சில பாரதூரமானவை என்பதும் அவ்வாறே புலனாயின. 1902இல் வெளிவந்த அவரது நாடி பற்றிய நூல் இதயநோயியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். வைத்தியசாலை நிபுணர் நோயாளியைச் சில வாரங்களே காண்பர். குடும்ப வைத்தியரோ கால்நூற்றாண்டு காண்பார். இந்தக் கால நீட்சியே மக்கென்சியின் ஆய்வுகூடமாக அமைந்தது எனலாம்.

யோர்க்ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில், ஐஸ்கார்த் என்னும் சிற்றூரிற் பணியாற்றிய வில்லியம் பிக்கிள்ஸ் மற்றொருவர். 1929இல் அங்கு பரவிய மஞ்சட்காமாலை நோய், ஏறத்தாழ 5,700 பேர் வாழ்ந்த அப்பகுதியில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. ஒவ்வொருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த அச்சமூகத்தில், யார் யாரை எந்நாளிற் சந்தித்தார் என்பதனைப் பிக்கிள்ஸ் வினவி அறியக்கூடியதாக இருந்தது. காலையில் தம்மாற் படுக்கையிற் காணப்பட்ட பெண்ணொருத்தி அன்று மாலையே ஊர் விழாவிற் கலந்துகொண்டமை போன்ற சாதாரணச் செய்திகள் அவருக்கு ஆராய்ச்சித் தரவுகளாயின. அவற்றைக் கொண்டு தொற்று நிகழ்ந்த நாளுக்கும் நோய் தோன்றிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 26 முதல் 35 நாள் வரையென அவர் கணித்தார். நாட்டுப்புற வைத்தியத்தின் வழி நோய்ப்பரவலை ஆராயும் அவரது நூல் 1939இல் வெளிவந்தது. பெருநகரத்தின் சனநெரிசலிற் கண்டறிய முடியாத உண்மையொன்றை ஒரு பள்ளத்தாக்கின் தனிமை வெளிப்படுத்தியது.

2. நம்பிக்கையிலிருந்து சோதனைக்கு

கவனமான அவதானிப்பு மட்டும் போதுமா? நோய் எவ்வாறு பரவுகின்றது, எவ்வாறு வளர்கின்றது என்பனவற்றை அவதானிப்பு காட்டும். ஆனால் ஒரு மருந்து பயன் தருகின்றதா என்னும் வினாவுக்கு அது தரும் விடை பெரும்பாலும் ஏமாற்றுவதாகவே முடியும். பல நோய்கள் தாமாகவே தணிவன. மருந்து கொடுக்கப்பட்டதன் பின்னர் நோய் தணிந்தது என்பதும், மருந்தினால் நோய் தணிந்தது என்பதும் ஒன்றல்ல. மேலும், வைத்தியர் எவருக்கு மருந்தைக் கொடுக்கத் தெரிந்தெடுக்கின்றார் என்பதிலேயே பக்கச்சார்பு புகுந்துவிடுகின்றது.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து விடுபடும் வழியாகவே எழுமாறாக வகுத்து நடத்தும் பரிசோதனை உருவாயிற்று. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசினைப் பரிசோதித்து 1948இல் வெளியிட்ட அறிக்கை இதன் மைற்கல்லாகும். புள்ளிவிபரவியலாளர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் இதனை வடிவமைத்தார். மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் இறந்தோர் 14 பேர். எவர் எக்குழுவிற் சேர்வார் என்பதனை வைத்தியரின் விருப்பு முடிவுசெய்யாமையால், இவ்வேறுபாட்டிற்கு மருந்தே காரணம் என்று துணிய முடிந்தது.

தருக்கமுறையாகச் சரியெனத் தோன்றும் மருத்துவமும் சோதிக்கப்படல் வேண்டும் என்பதற்குத் துயரமான உதாரணம் ஒன்று உண்டு. மாரடைப்பின் பின்னர் இதயத்துடிப்பிற் பிறழ்வு மிகுந்தோர் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே அப்பிறழ்வை அடக்கும் மருந்து மரணத்தைத் தடுக்கும் என்று எண்ணப்பட்டு, அத்தகைய மருந்துகள் பெருமளவு வழங்கப்பட்டன. அமெரிக்காவில் நடந்த பரிசோதனையின் விபரங்கள் 1991இல் முழுமையாக வெளிவந்தபோது, மருந்து பெற்ற 755 பேருள் 63 பேரும், போலி மருந்து பெற்ற 743 பேருள் 26 பேரும் இறந்திருந்தமை தெரியவந்தது. மருந்து துடிப்பைச் சீராக்கியது, மனிதரைக் கொன்றது. அளவீடொன்று திருந்துவதும் நோயாளி நன்மை பெறுவதும் வெவ்வேறு விடயங்கள் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகப் புகட்டும் நிகழ்வு அரிது.

இச்சிந்தனையை மருத்துவ சேவை முழுவதற்கும் விரித்தவர் ஆர்ச்சி கொக்ரேன். தென்வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நுரையீரல் நோயை ஆராய்ந்த அவர், 1972இல் வெளியிட்ட நூலில், பொதுப்பணத்தால் இயங்கும் சேவையில் பயனுள்ளதெனக் காட்டப்பட்ட சிகிச்சைகள் அனைவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்றும், பயனற்றவற்றிற்கு வளங்கள் விரயமாதல் தகாது என்றும் வாதிட்டார். இதனைச் சிக்கனவாதம் என்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. பயனற்ற சிகிச்சைக்குச் செலவாகும் ஒவ்வொரு காசும், பயனுள்ள சிகிச்சை கிட்டாத வறியவனிடமிருந்து பறிக்கப்படும் காசே என்னும் நீதியுணர்வு அதன் அடியில் உண்டு. ஆய்வு முடிபுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பொன்று 1993இல் அவர் பெயரால் நிறுவப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

3. ஒரு பரிசோதனையின் கணக்கு

உயர் குருதி அமுக்கத்தின் வரலாற்றில் இவ்வணுகுமுறையின் வலிமையும் நுட்பமும் ஒருங்கே புலப்படுகின்றன. அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் எட்வேர்ட் பிரீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1967இல் வெளியாயிற்று. இதயம் தளரும்போதுள்ள அமுக்கம் 115 முதல் 129 மில்லிமீற்றர் வரை இருந்த 143 ஆண்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். போலி மருந்து பெற்ற 70 பேரிடையே 27 பாரதூரமான விளைவுகள் நேர்ந்தன. உண்மை மருந்து பெற்ற 73 பேரிடையே நேர்ந்தவை 2 மட்டுமே. கடுமையான அமுக்கத்துக்குச் சிகிச்சை அளித்தல் வேண்டும் என்பதில் அதன்பின் விவாதம் இருக்கவில்லை.

ஆயின், கடுமையான அமுக்கமுடையோர் மிகச் சிலர். மிதமான அமுக்கமுடையோரோ மிகப் பலர். எவ்வித வருத்தமும் உணராத இலட்சக்கணக்கானோரை வாழ்நாள் முழுதும் மருந்துண்ணச் செய்வது நியாயமா? இதற்கு வைத்தியசாலை விடைகூற முடியாது. ஏனெனில் அத்தகையோர் வைத்தியசாலையில் இல்லை. எனவே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை இப்பணியைப் பொது வைத்திய நிலையங்களிடம் ஒப்படைத்தது. 176 நிலையங்கள் பங்குகொண்டன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டு, 35 முதல் 64 வயது வரையுள்ள 17,354 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். முடிபுகள் 1985இல் வெளிவந்தன.

அவற்றை நிதானமாக வாசித்தல் அவசியம். மருந்து பெற்றோரிடையே 60 பாரிசவாதங்கள் நேர்ந்தன. போலி மருந்து பெற்றோரிடையே நேர்ந்தவை 109. பாரிசவாதம் ஏறத்தாழ நாற்பத்தைந்து வீதத்தால் குறைந்தது என்று இதனைக் கூறலாம். அக்கூற்று பொய்யன்று. ஆயினும் இதே முடிபை வேறு விதமாகவும் கூறலாம். ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் 2.6 ஆக இருந்த பாரிசவாதம் 1.4 ஆகக் குறைந்தது. அதாவது, 850 பேர் ஓராண்டு முழுவதும் மருந்துண்டால் ஒருவரது பாரிசவாதம் தடுக்கப்படும். எஞ்சிய 849 பேர் அவ்வாண்டில் மருந்துண்டும் உண்ணாமலும் ஒரே கதியையே அடைந்திருப்பர். மாரடைப்பிலும் மொத்த மரணத்திலும் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயன்படுத்திய மருந்துகளாற் சிலர் ஆண்மைக் குறைவு, கீல்வாதம், சோர்வு முதலிய தொல்லைகளை அனுபவித்தனர்.

ஒரே உண்மையின் இரு முகங்களாகிய இவ்விரு கூற்றுகளுள் எது மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெறும் என்பதை ஊகித்தல் கடினமன்று. நாற்பத்தைந்து வீதம் என்பது பெரிதாக ஒலிக்கின்றது. எண்ணூற்றைம்பதில் ஒன்று என்பது சிந்திக்க வைக்கின்றது. சான்றுகளை வாசிக்கும் பயிற்சி வைத்தியருக்கு மட்டுமன்றி, கல்வியறிவுடைய பொதுமகனுக்கும் வேண்டற்பாலது என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம். எவ்வளவு குறைகின்றது என்று மட்டும் கேளாது, எதிலிருந்து எதற்குக் குறைகின்றது என்றும் கேட்டல் வேண்டும்.

எனினும் இதனைக் கொண்டு சிகிச்சை வீண் என்று முடிவுகட்டுவதும் தவறாகும். வயதிலும் பிற நோய்களிலும் மிகுந்த ஆபத்துடைய ஒருவரிடத்து அதே விகிதாசாரக் குறைப்பு மிகப் பெரும் பயனாக மாறும். ஆபத்து குறைந்த இளைஞரிடத்து அது சிறு பயனாகவே நிற்கும். ஆகவே, அமுக்கமானியின் எண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்யாது, அந்த எண்ணைத் தாங்கியுள்ள மனிதரின் முழு நிலையையும் நோக்கிச் சிகிச்சை செய்தல் வேண்டும் என்பதே சரியான முடிபாகும். பின்வந்த பல ஆய்வுகளும், புதிய மருந்துகளும் சிகிச்சையின் பயனை விரிவாக்கியுள்ளன என்பதனையும் ஈண்டு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

4. கிளின்கொருக் கிராமம்

கொக்ரேனின் ஆய்வுக்குழுவிற் பணிபுரிந்த இளம் வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட், 1960களின் தொடக்கத்தில் தென்வேல்ஸின் கிளின்கொருக் என்னும் சுரங்கக் கிராமத்திற் பொது வைத்தியராக அமர்ந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் மக்கள் வாழ்ந்த அக்கிராமத்தில் உழைப்பின் கடுமையும், பின்னர் வேலையின்மையின் வெறுமையும் நோய்களாக வெளிப்பட்டன. தாம் பொறுப்பேற்ற மக்களுள் எத்தனை பேருக்கு உயர் குருதி அமுக்கம் உண்டு என்ற எளிய வினாவை அவர் எழுப்பினார். தம்மைத் தேடி வருவோரை மட்டும் எண்ணினால் இதற்கு விடை கிடையாது. எனவே 1968 தொடக்கம், வேறு எக்காரணத்துக்காக வந்தோருக்கும் அமுக்கத்தை அளந்தார். வராதோரைத் தேடிச் சென்று அளந்தார். 20 முதல் 64 வயது வரையுள்ளோருள் மிகச் சிலர் தவிர ஏனைய அனைவரும் அளக்கப்பட்டனர். இதன் முறைகளும் முடிபுகளும் 1970இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தன.

இத்தேடலின் அவசியத்தைப் ‘பாதி விதி’ என வழங்கும் கருத்து தெளிவாக்கும். உயர் குருதி அமுக்கமுடையோருள் பாதிப்பேரே கண்டறியப்படுகின்றனர். கண்டறியப்பட்டோருள் பாதிப்பேரே சிகிச்சை பெறுகின்றனர். சிகிச்சை பெறுவோருள் பாதிப்பேரிடமே அமுக்கம் கட்டுப்படுகின்றது. ஒரு பிரதேசத்தில் 800 பேருக்கு இந்நோய்நிலை உண்டெனக் கொள்வோம். 400 பேர் அறியப்படுவர். 200 பேர் மருந்து பெறுவர். 100 பேரே பயன் பெறுவர். மருந்தின் ஆற்றலை நிறுவும் பரிசோதனை எத்துணைச் சிறப்பாக நடப்பினும், எட்டில் ஏழு பங்கினரை அதன் பயன் எட்டுவதில்லை. சான்று இருக்கின்றது, சேவை இல்லை.

ரியூடர் ஹார்ட்டின் பணி கால்நூற்றாண்டு நீடித்தது. 1991இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவரும் அவரது சகபாடிகளும் அதனைத் தொகுத்து வெளியிட்டனர். புகைத்தல் வெகுவாகக் குறைந்திருந்தது. சிகிச்சை பெற்றோரின் குருதி அமுக்கம் பெரிதும் தாழ்ந்திருந்தது. அறுபத்தைந்து வயதுக்கு முற்பட்ட மரணங்கள், அத்தகைய திட்டம் இல்லாத அயற்கிராமத்தினும் குறைவாக இருந்தன. இது எழுமாறாக வகுத்து நடத்திய பரிசோதனையன்று; இரு சிறு கிராமங்களின் ஒப்பீடே. ஆகவே இவ்வேறுபாடு முழுவதும் வைத்தியத்தால் விளைந்தது என்று துணிந்து கூறுதல் சான்றுவழிச் சிந்தனைக்கே முரணாகும். ஆனால், வறிய மக்களிடையே, பெரிய கருவிகள் எவையுமின்றி, நினைவூட்டலும் பதிவேடும் பொறுமையும் கொண்டு, அறியப்பட்ட சான்று முழுச் சமூகத்தையும் சென்றடையச் செய்யலாம் என்பதனை அது ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

இவ்வனுபவத்தின் அடிப்படையிலேயே அவர் 1971இல் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’யை முன்வைத்தார். நல்ல மருத்துவ சேவை எங்கு மிகுதியாகத் தேவைப்படுகின்றதோ அங்கு குறைவாகவும், எங்கு குறைவாகத் தேவைப்படுகின்றதோ அங்கு மிகுதியாகவும் கிடைக்கின்றது என்பதும், சந்தைச் சக்திகளின் ஆதிக்கம் பெருகப்பெருக இவ்விதி வலுப்பெறும் என்பதும் அதன் சாரம். இது இயற்கை விதியன்று. மனிதர் அமைத்த ஏற்பாடுகளின் விளைவு. எனவே மனிதரால் மாற்றத்தக்கது. 2018இல் அவர் மறைந்தபோதும் இவ்விதி வழக்கிழந்திருக்கவில்லை. ஸ்கொத்லாந்தின் மிக வறிய மக்களுக்குச் சேவைசெய்யும் நூறு பொது வைத்திய நிலையங்கள் 2009 முதல் ஒன்றுகூடி, தமது நாளாந்த அனுபவத்தை ஆய்வாக மாற்றி இதனை மீண்டும் எடுத்துரைத்து வருகின்றன.

5. தொண்டைநோவும் நம்பிக்கையும்

சான்று மருந்துகளைப் பெருக்குவதற்கு மட்டுமன்றிக் குறைப்பதற்கும் வழிகாட்டும். பொது வைத்தியரை நாள்தோறும் தேடிவரும் தொண்டைநோவு இதற்கு நல்ல உதாரணம். போல் லிட்டிலும் சகபாடிகளும் தென் இங்கிலாந்திற் பொது வைத்திய நிலையங்களில் 716 நோயாளரை எழுமாறாக மூன்று குழுவினராக வகுத்தனர். முதற் குழுவினர்க்கு நுண்ணுயிர்க்கொல்லி உடனே வழங்கப்பட்டது. இரண்டாம் குழுவினர்க்கு வழங்கப்படவில்லை. மூன்றாம் குழுவினர் மூன்று நாளில் குணமாகாவிடின் வந்து மருந்தைப் பெற்றுக்கொள்ளுமாறு கூறப்பட்டனர். 1997இல் வெளிவந்த முடிபுகளின்படி, நோய் நீடித்த காலத்தில் மூன்று குழுவினரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாம் குழுவினருள் 31 வீதத்தினரே ஈற்றில் மருந்தைப் பயன்படுத்தினர்.

இவ்வாய்வின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு மற்றொன்றாகும். உடனே மருந்து பெற்றோருள் 87 வீதத்தினர் நுண்ணுயிர்க்கொல்லி தொண்டைநோவுக்குப் பயனுள்ளது என்று நம்பினர். மருந்து பெறாதோருள் 55 வீதத்தினரே அவ்வாறு நம்பினர். வைத்தியர் துண்டில் எழுதுவது மருந்தை மட்டுமன்று. ஒரு நம்பிக்கையையும் எழுதுகின்றார். அடுத்த முறை அதே நோயோடு அவர் வருவதற்கும், தன் பிள்ளையைக் கூட்டிவருவதற்கும் அத்துண்டே காரணமாகின்றது. மக்கள் மருந்து கேட்கின்றார்கள் என்று வைத்தியர் குறைகூறுவதுண்டு. கேட்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதனை இவ்வாய்வு மென்மையாகச் சுட்டுகின்றது.

6. சான்றின் எல்லைகள்

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். சான்றுவழி மருத்துவம் நோயாளியைப் புள்ளிவிபரமாக்கி, வைத்தியரை விதிநூலின் அடிமையாக்குகின்றது என்பது முதலாவது குற்றச்சாட்டு. 1996இல் டேவிட் சக்கெற்றும் பிறரும் அளித்த விளக்கம் இதற்கு விடையாகும். கிடைக்கும் சான்றுகளுள் சிறந்ததனை வைத்தியரின் அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் இணைப்பதே சான்றுவழி மருத்துவம் என அவர்கள் கூறினர். விளக்கம் சிறந்ததே. நடைமுறை எப்போதும் அவ்வாறில்லை என்பதனையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பெரும்பாலான பரிசோதனைகள் ஒரு நோயை மட்டுமே கருத்திற் கொள்கின்றன. பல நோய்களுடையோரையும் முதியோரையும் விலக்கிவிடுகின்றன. பொது வைத்தியர் முன் அமர்ந்திருப்பவரோ நீரிழிவும் மூட்டுவலியும் மனச்சோர்வும் உயர் அமுக்கமும் ஒருங்கே உடைய மூதாட்டி. ஒவ்வொரு நோய்க்குமுரிய வழிகாட்டியைத் தனித்தனியே பின்பற்றினால் அவருக்குரிய மருந்துகள் ஒரு பையை நிரப்பும். அவை ஒன்றோடொன்று மோதும். அவற்றின் கூட்டு விளைவை எப்பரிசோதனையும் ஆராய்ந்ததில்லை. 2004இற் பிரித்தானியா, குறித்த இலக்குகளை அடையும் பொது வைத்தியருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பதிவுகள் செம்மையடைந்தன என்பது உண்மை. ஆயினும், எண்ணத்தக்கது மட்டுமே கவனிக்கத்தக்கது என்னும் மனப்பான்மைக்கு அது வழிவகுத்தது என்ற விமர்சனம் ஒதுக்கத்தக்கதன்று. நோயாளி தம் துயரத்தைக் கூறத் தொடங்குகையில் வைத்தியரின் பார்வை கணனித்திரையில் நிரப்பப்படாத கட்டத்தை நோக்குமாயின், சான்று தன் நோக்கத்தை இழந்துவிடுகின்றது.

இரண்டாவது குற்றச்சாட்டு மேலும் பாரதூரமானது. சான்றை உற்பத்தி செய்வோர் யார்? பரிசோதனைகளுக்குப் பெருஞ் செலவாகும். அதனை ஏற்கும் வல்லமை பெரும்பாலும் மருந்து நிறுவனங்களிடமே உண்டு. எவ்வினா கேட்கப்படல் வேண்டும் என்பதனை இலாபம் தீர்மானிக்கும்போது, மருந்தால் தீராத வினாக்கள் கேட்கப்படாமலே போகின்றன. இதற்குப் பரிகாரம் சான்றைத் துறப்பதன்று. பொதுநிதியாற் பொதுநலன் கருதிய சான்றை உருவாக்குவதேயாகும். 176 நிலையங்களின் ஆய்வும் தொண்டைநோவு ஆய்வும் இத்தகையன.

7. எமது நாட்டின் நிலை

இலங்கைக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து தயாரித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு அதன் முதலாவது தலைவராக அவர் பொறுப்பேற்றார். பல்வேறு வணிகப் பெயர்களில் இறக்குமதியான மருந்துகளுள் பயன் நிறுவப்பட்டவற்றைத் தெரிந்து, பொதுப் பெயரில், கேள்விப்பத்திர மூலம் மலிவாகக் கொள்வனவு செய்வதே அவரது கொள்கை. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்ட 1977ஆம் ஆண்டிலேயே பிபிலே காலமானார். சான்றையும் சமூகநீதியையும் ஒரே கொள்கையில் இணைத்தமை அவரது சாதனை. எது பயன் தரும் என்னும் வினாவும், யாருக்குக் கிடைக்கும் என்னும் வினாவும் அவருக்கு ஒரே வினாவின் இரு பாதிகளாகவே இருந்தன.

அண்மைக் காலத்தில் உயர் குருதி அமுக்கம் பற்றிய இரு முக்கிய ஆய்வுகள் இந்நாட்டில் நடைபெற்றன. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்து வழங்குவதனை வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் இலங்கை நோயாளர் 700 பேர் பங்குகொண்டனர். ஆறு மாதத்தில் ஒற்றை மாத்திரை பெற்றோருள் 70 வீதத்தினரும், ஏனையோருள் 55 வீதத்தினரும் அமுக்க இலக்கை அடைந்தமை 2018இல் வெளியாயிற்று. பங்களாதேசம், பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில், 2,645 பேரிடையே நடந்த மற்றைய ஆய்வின் முடிபுகள் 2020இல் வெளிவந்தன. சமுதாயச் சுகாதாரப் பணியாளர் வீடுதேடிச் சென்று அமுக்கத்தை அளந்து ஆலோசனை வழங்கிய சமூகங்களில், இரண்டாண்டு முடிவில் சராசரி அமுக்கம் ஏனைய சமூகங்களினும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. வேல்ஸ் நாட்டுக் கிராமத்தில் ஒரு வைத்தியர் வீடுதேடிச் சென்று செய்த பணி, அரைநூற்றாண்டின் பின்னர் தென்னாசியக் கிராமங்களிற் சோதனைக்குட்பட்டு வலுப்பெற்றது எனலாம்.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு நோக்கற்பாலது. பிரித்தானியாவில் ஒவ்வொருவரும் ஒரு குறித்த பொது வைத்தியரின் பட்டியலிற் பதிவுசெய்யப்படுகின்றனர். அப்பட்டியலே கிளின்கொருக்கின் ஆய்வை இயலச் செய்தது. வராதோர் யாவர் என்பதனை அறிய, வரவேண்டியோர் யாவர் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இலங்கையில் நோயாளர் தாம் விரும்பிய வைத்தியரிடமும் வைத்தியசாலையிடமும் செல்லும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது. இச்சுதந்திரத்துக்கு அதன் நன்மைகள் உண்டு. ஆனால் இவ்வமைப்பில் எவருக்கும் முழுச் சமூகத்தின் பொறுப்பு இல்லை. வந்தவர் கவனிக்கப்படுகின்றார், வராதவர் மறக்கப்படுகின்றார். தாய்சேய் நலத்துறையிற் பொதுச் சுகாதார மருத்துவமாது தன் பிரதேசத்தின் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர்சொல்லி அறிந்திருப்பதன் பயனை நாடு கண்டுள்ளது. அதே பொறுப்பு முறையை நீண்டகால நோய்களுக்கும் விரித்தல் இயலாததன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளை வகுக்கலாம். பொது வைத்தியம் அறிவை நுகரும் துறை மட்டுமன்று; அறிவை ஆக்கும் துறையுமாகும். வைத்தியசாலைச் சுவர்களுக்குள் விடைகாண முடியாத வினாக்கள் அங்கேயே எழுகின்றன. அங்கேயே தீர்க்கவும் படுகின்றன. அதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. ஒழுங்கான பதிவும், நீண்டகாலத் தொடர்பும், தன் நம்பிக்கையைத் தானே சோதிக்கும் நேர்மையும் வேண்டும். அடுத்து, சராசரி மனிதனைப் பற்றிய சான்று தனிமனிதனிடத்தே பயனாவதற்கு, அவனோடு உரையாடும் வைத்தியரும் அவ்வுரையாடலுக்குரிய நேரமும் தேவை. நோயாளி சிகிச்சையை வாங்கும் வாடிக்கையாளன் அல்லன்; தன் நலத்தை வைத்தியரோடு சேர்ந்து ஆக்கும் பங்காளி என்று ரியூடர் ஹார்ட் வற்புறுத்தியது இக்கருத்தினாலேயே.

இறுதியாக, ஒரு சிகிச்சை பயன் தரும் என்று நிறுவுவதோடு அறிவியலின் கடமை முடிந்துவிடுவதாகக் கொள்ளல் தகாது. நிறுவப்பட்ட பயன் எட்டிலொரு பங்கினரையே அடையுமாயின், எஞ்சிய ஏழு பங்கினரும் ஏன் விடுபட்டனர் என்பதும் ஆய்வுக்குரிய வினாவே. அவ்வினாவுக்கான விடை மருந்தியலில் மட்டும் கிடைப்பதன்று. பொருளாதாரத்திலும், நிருவாகத்திலும், சமூக உறவுகளிலும் அது தங்கியுள்ளது. எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும் சமூக விஞ்ஞானத் துறைகளும் ஒருங்கிணைந்து ஒரு கிராமத்தையாவது, ஒரு தோட்டத்தையாவது, வராதவர் ஒருவரும் விடுபடாதவாறு இவ்வகையில் ஆராய முன்வருமாயின், அது மக்களுக்கும் அறிவுலகுக்கும் ஆற்றும் பெருந்தொண்டாக அமையும்.